அக்னி மூலையும் தனிப் பாத்தியும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் சுகாதார ஆய்வாளர்களுக்கு வணக்கம். பத்து நிமிடம் பேசினால் போதும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் பேசி முடிக்கிற ஆள் நான் இல்லை என்பது கூப்பிட்டவருக்கே நன்றாகத் தெரியும். என்னிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்தான். அதனால் வடையைச் சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

கொசு, குப்பை, சாக்கடை அடைப்பு, டீக்கடை டம்ளர் எல்லாவற்றையும் நீங்களே ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடுவீர்கள். கொசுப்புழு தொட்டிக்குள் சமர்த்தாக நெளிந்துகொண்டிருக்கும். குப்பை நாம் வரும்வரை எங்கேயும் போகாது. புகைக்கு மட்டும் அந்த மரியாதையெல்லாம் தெரியாது. புகாரை வாங்கிக்கொண்டு, வண்டியைக் கிளப்பி, பாண்டி பஜார் நெரிசலில் நீந்தி நீங்கள் போய்ச் சேருவதற்குள் கரண்ட் வந்திருக்கும், ஜெனரேட்டர் நின்றிருக்கும். கடைக்காரர் வாசலில் நின்று, "பொகையா? எந்தப் பொகை மேடம்?" என்று குழந்தை மாதிரி கேட்பார். மூக்கில் மிச்சமிருக்கும் வாசனையை வைத்துக்கொண்டு நோட்டீஸ் எழுத முடியாது.

ஓடிப்போகாத ஒரு புகையைப் பற்றிச் சொல்கிறேன்.

காற்று கெடுகிறது என்றால் நம் தென்சென்னைக்காரர்கள் உடனே வடக்குப் பக்கம் கையைக் காட்டுவார்கள். அங்கேதான் பெரிய பெரிய புகைபோக்கி இருக்கிறதாம். தி.நகரில் ஒவ்வொரு பெரிய ஜவுளிக்கடைக்குப் பின்னாலும் ஒரு குட்டி மின்நிலையம் உட்கார்ந்திருப்பது யாருக்கும் ஞாபகம் வராது. முன்வாசலில் பன்னீர் தெளிப்பார்கள், பின்சந்தில் டீசல் புகையை ஊதுவார்கள். சேலை எடுக்கப் போகிறவர் பின்சந்துக்கு ஏன் போகப்போகிறார்?

நான் சொல்லும் கடையும் அப்படித்தான். தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று மாடியும். முதலாளி திருநெல்வேலிப் பக்கம். அண்ணாச்சி என்றால்தான் தெருவுக்கே தெரியும். பின்சந்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். அதில் ஒன்றின் முதல் மாடியில் கஸ்தூரி இருந்தாள். சேலைக்கு ஃபால் வைத்துத் தைத்து, ஓரம் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. அவளுக்கு நாலரை வயதில் ஒரு மகள், யாமினி.

அந்த ஆடி மாதம் தெருவில் கேபிள் பதிக்கும் வேலை நடந்தது. காலையில் கரண்டை எடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் கொடுத்துவிடுவார்கள். ஆடித் தள்ளுபடி நேரத்தில் கடையை இருட்டில் போடுவாரா அண்ணாச்சி? தினமும் கடை திறந்ததும் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று மொத்தப் புகையையும் பின்சந்துக்குள் தள்ளும். கஸ்தூரி என்னைத் தேடி வந்தாள்.

"மேடம், பொண்ணுக்கு மூச்சு இஸ்துகினு கீது. ராத்திரி ஆனா கொஞ்சம் அடங்குது, காலீல மிஷின் போட்டதும் மறுபடி. அங்கன்வாடியும் அதே சந்துலதான், அங்க உட்டாலும் இதே கதி."

"எழுதிக் கொடு. இன்னைக்கே போறேன்."

"அய்யோ, எம்பேரு வரக் கூடாது மேடம்!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் தைக்கறதே அவரு கடைக்குத்தான். அவரு வேல சோறு போடுது, அவரு பொகை மூச்ச அடைக்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

  அவள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தேன். யாரும் சொல்லாமல், நானாகப் பார்த்துக் கண்டுபிடித்த மாதிரிதான் கடைக்குள் போக வேண்டும். புகார் சொன்னவரைக் காட்டிக்கொடுக்காமல் வேலையை முடிக்கத் தெரியாவிட்டால் நம் அலுவலகத்துக்கு யாரும் வர மாட்டார்கள். இதை எங்கேயும் எழுதிவைத்திருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன்.

அண்ணாச்சியை வில்லன் என்று நினைத்துக்கொண்டு போனேன். போனால் மனிதர் அவ்வளவு தங்கமாக இருக்கிறார்! எனக்குக் கெட்ட கோபம் வந்தது. வில்லன் வில்லன் மாதிரி இருந்தால்தானே நமக்கு வேலை சுலபம்?

"வாங்க மேடம், வாங்க. இந்த வெயில்ல வந்திருக்கீயளே! மொதல்ல சாப்பிடுங்க" என்று தன் டிபன் கேரியரைத் திறந்தார். கீரைக் கடைசல், கத்திரிக்காய்ப் பொரியல். "இது கடையில வாங்குனது இல்ல. எங்க தோட்டத்துல இருந்து வாராவாரம் பஸ்ஸுல வருது. வீட்டுக்குன்னு தனிப் பாத்தி போட்டுருக்கோம். ஒரு சொட்டுப் பூச்சிமருந்துகூட அடிக்க மாட்டோம்."

"மத்த பாத்தி?"

"அது சந்தைக்குப் போறதுல்லா மேடம். அடிக்காம முடியுமா? பூச்சி விழுந்தா எவன் வாங்குவான்?"

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவர் ஒருவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் அந்த மாதிரிச் சந்தைப் பாத்தியிலிருந்து வருவதைத்தான் மயிலாப்பூரில் நான் தினமும் காசு கொடுத்து வாங்கி, மஞ்சள் தண்ணீரில் அலசி, நல்லது என்று நம்பித் தின்றுகொண்டிருக்கிறேன். கிளம்பும்போது எனக்கும் ஒரு கீரைக்கட்டு கொடுத்தார். இலையில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. பூச்சியே சாப்பிட்டுப் பார்த்து நல்ல கீரை என்று ஒப்புக்கொண்ட கீரை. ஆசையாகத்தான் இருந்தது. இருந்தாலும் கீரைக்கட்டுக்கு விலைபோனாள் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று முழுவதும் அந்தக் கீரை ஞாபகமாகவே இருந்தது.

புகை விஷயத்துக்கு வந்தோம். ஜெனரேட்டரின் புகைக்குழாய் சுற்றியிருக்கும் கட்டடங்களைவிட உயரமாக இருக்க வேண்டும். அவருடையது கஸ்தூரி வீட்டு ஜன்னல் உயரத்தில் நின்றது.

"உயர்த்துதேன் மேடம், எனக்கென்ன காசுக்கா பஞ்சம்? ஆனா வாஸ்துக்காரர் ஒத்துக்க மாட்டேங்காரு. நெருப்புச் சாமான் அக்னி மூலையிலதான் இருக்கணும், அதான் தென்கிழக்குல வச்சோம். அந்த மூலை தென்மேற்கவிட ஒசரமாப் போயிட்டா குடும்பத்துக்கு ஆகாதாம். நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய?"

நோட்டீஸ் கொடுத்தேன். மறுநாளே ஆளைக் கூப்பிட்டு வேலை செய்துவிட்டார். என்ன வேலை? குழாயின் வாயில் ஒரு வளைவைப் பொருத்திப் புகையை இன்னும் நன்றாகச் சந்துப் பக்கம் திருப்பிவிட்டார். "கடைப்பக்கம் ஒரு பொட்டுக்கூட வராது மேடம்" என்று பெருமை வேறு. தலையில் அடித்துக்கொண்டு இரண்டாவது நோட்டீஸ் கொடுத்தேன்.

இதற்கிடையில் கஸ்தூரி ஒரு வழி கண்டுபிடித்தாள். சந்திலேயே சுத்தமான காற்று எங்கே இருக்கிறது? கடைக்குள்தான்! ஏசி, மூடிய கண்ணாடி, ஊதுவத்தி. தைத்த சேலைகளைக் கொடுக்கப் போகும்போது யாமினியையும் கூட்டிப்போய் மூன்றாம் மாடிப் பட்டுப் பிரிவில் விற்பனைப் பெண்களிடம் விட்டுவிடுவாள். ஜெனரேட்டர் நின்ற பிறகு அழைத்துப்போவாள். புகையைக் கிளப்புகிறவன் வீட்டுக்குள்ளேயே புகைக்குப் பயந்து ஒளிந்துகொள்வது! நானாக இருந்தால் எனக்கு இந்த யோசனை வந்திருக்காது.

யாமினி பட்டுச்சேலை விரிக்கிற வெள்ளை மெத்தையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வருகிற பெண்களிடம், "இத்த எடுத்துக்கோ ஆன்ட்டி, சோக்கா கீது" என்று வியாபாரம் செய்வாள். அண்ணாச்சிக்கு அவள்மேல் உயிர். தன் கேரியரிலிருந்து தனிப் பாத்திச் சோறு ஊட்டிவிடுவார். "ஏசி சொகத்துக்கு வருது குட்டி" என்று சிரிப்பார். அவள் ஏன் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். வாக்குக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது என்னைப் போன்ற ஆளுக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

ஆடி வெள்ளி ஒன்றில், இரண்டாவது நோட்டீசின் கெடு முடிந்து நான் போனேன். கடையில் கால் வைக்க இடமில்லை. மூன்றாம் மாடியில் அவர் அறையில் உட்கார்ந்து பழைய பல்லவியையே இருவரும் பாடிக்கொண்டிருந்தோம். மதியமாகியும் அன்று கரண்ட் வரவில்லை. மண்ணுக்கடியில் ஏதோ சிக்கலாம். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அப்போது கடல் காற்று வந்தது.

நம் ஊரில் மதியம் கடல் காற்று இறங்கினால் எல்லோரும் அப்பாடா என்போம். அன்று அது கிழக்கிலிருந்து வந்து, சந்துக்குப் போய்க்கொண்டிருந்த புகையை அப்படியே திருப்பிக் கடையின் பின்சுவரில் அறைந்தது. மேல்மாடிகளின் ஏசிக்கு வெளிக்காற்றை இழுக்கிற பெரிய விசிறி அந்தப் பின்சுவரில்தான் இருந்தது. அது பாவம், கிடைத்ததை இழுத்தது.

முதலில் டீசல் நாற்றம். அப்புறம் இங்கே ஒரு இருமல், அங்கே ஒரு இருமல். ஒரு விற்பனைப் பெண் அறைக்குள் ஓடி வந்தாள். "அண்ணாச்சி, பாப்பாவுக்கு என்னமோ ஆகுது!"

யாமினி மெத்தையில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. கழுத்துக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழும்பியது. வியாபாரம் பேசுகிற வாயிலிருந்து விசில் சத்தம் மட்டும் வந்தது. 

கஸ்தூரி மகளின் பையில் எப்போதும் இன்ஹேலர் மருந்து வைத்திருப்பாள். எடுத்து வாயில் வைத்து அடித்தேன். கொஞ்சம்தான் கேட்டது. புகை உள்ளே வந்துகொண்டே இருந்தால் மருந்து என்ன செய்யும்? இந்தப் பிள்ளையை உடனே வெளியே கொண்டுபோயாக வேண்டும்.

அண்ணாச்சி போனை எடுத்துக் கீழே இருக்கிற ஆளிடம் கத்தினார். "லேய், மிஷின அமத்துலே! இப்பவே அமத்து!"

போனைப் பிடுங்கினேன். "அமத்தாதே! நான் சொல்ற வரைக்கும் ஓடட்டும்!"

அவர் என்னைப் பார்த்த பார்வை! "ஒரு மாசமா பொகைய நிறுத்து நிறுத்துன்னு என் உயிர வாங்குனது நீங்கதான மேடம்? இப்ப நானே நிறுத்துதேன்னா வேண்டாங்கீயளே, கிறுக்கா ஒங்களுக்கு?"

"இப்ப நிறுத்தினா லிஃப்ட் நடுவுல நிக்கும். படிக்கட்டுல ஜன்னலே கிடையாது, கும்மிருட்டு. இத்தனை ஜனம், கையில குழந்தைங்க. புகைநாத்தம் வேற. ஒருத்தர் 'தீ'ன்னு கத்தினா போதும், படியில மனுஷன் மேல மனுஷன் விழுவான். அவசர விளக்கு இருக்கா?"

"இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "சார்ஜ் போட்டோமான்னு தெரியல."

இந்த இடத்தில் வடையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். நிறுத்து என்று உத்தரவு போடுவதற்குத்தான் நமக்குச் சம்பளம். ஆனால் ஒன்றை நிறுத்தினால் அதோடு சேர்ந்து வேறு என்னென்ன நிற்கும் என்று யோசிக்க ஒரு மூச்சு நேரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். அன்று எனக்குக் கிடைத்தது அந்த ஒரு மூச்சுதான், அதுவும் டீசல் மூச்சு.

சுவர் விசிறியை மட்டும் நிறுத்தி, தெருப்பக்கக் கண்ணாடிகளைத் திறக்கச் சொன்னேன். லிஃப்ட் வாசலில் கல்யாணக் கூட்டம் மாதிரி கூட்டம், அதை நம்பிப் பயனில்லை. யாமினியைத் தூக்கப் போனேன். எனக்கு முன்னால் அண்ணாச்சி தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "வழி விடுங்க தாயி, கொஞ்சம் வழி விடுங்க" என்று படிக்கட்டில் இறங்கினார். முழங்கால் வலியென்று தினமும் புலம்புகிற மனிதர்.

கடையின் அறிவிப்பு மைக் என் கைக்கு வந்தது. கூட்டத்தை எப்படி இறக்குவது? ஆபத்து என்றால் ஓடுவார்கள். கீழே இலவசம் என்றால் அதைவிட வேகமாக ஓடுவார்கள், தி.நகரை எனக்குத் தெரியாதா? ஓடாமல் நடக்க வேண்டும். மனிதர்கள் எப்போது மெதுவாக நடப்பார்கள்? எரிச்சலில் முணுமுணுக்கும்போது!

"மூன்றாம் மாடி வாடிக்கையாளர்கள் கவனத்துக்கு. இந்த மாடியில் பில் போடும் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. எடுத்த சேலைகளை நீங்களே எடுத்துக்கொண்டு தரைத்தளத்துக்கு வந்து பில் போட்டுக்கொள்ளவும்."

அவ்வளவுதான். ஒரே முணுமுணுப்பு. "இத்தன பெரிய கடை, ஒரு கம்ப்யூட்டர் வச்சுக்கத் துப்பில்ல." இரண்டு கையிலும் பட்டுச்சேலை வைத்துக்கொண்டு ஒரு மாமி, "ஆத்துலேர்ந்து கார்த்தாலயே கிளம்பி வந்தேன், இப்படிப் படி ஏறி இறங்க வைக்கறாளே" என்று என்னைப் பார்த்தே திட்டிவிட்டுப் போனார். எனக்கு அந்தத் திட்டு தேனாக இருந்தது. கை நிறையச் சேலையை வைத்துக்கொண்டு யாரும் ஓட மாட்டார்கள், கசங்கிவிடுமே! மூன்றாம் மாடி காலியானதும் இரண்டாம் மாடி, அப்புறம் முதல் மாடி. அதே கம்ப்யூட்டர், அதே வருத்தம். எல்லோரும் தரைத்தளத்துக்கும் தெருவுக்கும் வந்த பிறகு, "இப்ப அமத்து" என்றேன்.

எத்தனை சேலை பில் இல்லாமல் வெளியே போயிற்று என்று அண்ணாச்சி இன்றுவரை என்னிடம் கேட்டதில்லை.

பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு நான் ஓடிப்போனபோது யாமினி முகமூடி வைத்துப் புகை மாதிரி மருந்தை இழுத்துக்கொண்டிருந்தாள். விசில் குறைந்திருந்தது. கஸ்தூரி தையல் கத்தரியைக்கூடக் கீழே வைக்காமல் ஓடி வந்திருந்தாள். அண்ணாச்சி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார், சட்டை தொப்பலாக நனைந்து.

"படியில வரும்போது என்ன ஆச்சு கண்ணுன்னு கேட்டேன் மேடம். 'ஒன் மிஷின் போட்டா எனக்கு இப்டிதான் தாத்தா ஆவும், அத்தொட்டுதான் ஒன் கடைக்கு வர்றேன்'னு மூச்சுக்கு ஒரு வார்த்தையாச் சொல்லுது. நான் ஏசிக்கு வருதுன்னுல்லா நெனச்சேன்."  அப்புறம் கஸ்தூரி பக்கம் திரும்பிக் கோபமாகவே கேட்டார். "ஏம்மா, ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லப்படாதா?"

"சொல்லிருந்தா எனக்கு வேல இருந்துருக்குமா அண்ணாச்சி?"

 நான் அங்கே ஏதாவது பெரிதாகச் சொல்லியிருக்கலாம். ஒன்றுதான் வாயில் வந்தது. "கீரைக்குத் தனிப் பாத்தி போட்டீங்க அண்ணாச்சி. காத்துக்கு எங்க போடுவீங்க?"

 மறுநாள் அவர் முதல் ஆளாக என் அலுவலக வாசலில் நின்றார்.

"கொழாய ஒசத்துதேன் மேடம். வாஸ்து என்ன ஆனாலும் ஆவட்டும்."

முகம் மட்டும் பேயறைந்த மாதிரி இருந்தது. பயத்தோடு செய்கிற வேலை நிலைக்காது. அடுத்த வருடம் வியாபாரம் கொஞ்சம் படுத்தால் முதலில் அந்தக் குழாயைத்தான் வெட்டுவார். வாஸ்துவோடு சண்டை போட எனக்கு நேரமும் கிடையாது. "தென்கிழக்கு தென்மேற்கவிட ஒசரமாப் போகக் கூடாது, அவ்வளவுதானே? தென்மேற்கையும் ஒசத்துங்க. உங்க கடைப் பேர்ப்பலகையைத் தூக்கி அந்த மூலையில வானத்துல நிறுத்துங்க" என்றேன்.

மனிதர் என்னைக் கும்பிட்டார். வாஸ்துக்காரர் அது என் யோசனை என்று தெரியாமல் வெகுவாகப் பாராட்டினாராம். குழாய் சந்துக்கும் கடைக்கும் மேலே வெகு உயரத்துக்குப் போயிற்று, புகையைப் பிடிக்கிற வடிகட்டியும் வந்தது. பேர்ப்பலகை கோடம்பாக்கத்தில் இருக்கும் அண்ணாச்சி வீட்டு மொட்டைமாடியிலிருந்தே தெரிகிறதாம். கஸ்தூரிக்கு வேலை போகவில்லை. முன்னைவிட அதிகச் சேலைகள் வருகின்றன என்று அதற்கும் அலுத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி அடியோடு மாறிவிட்டார் என்று நான் கதைவிட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சந்தைப் பாத்தியில் கீரைக்கு மட்டும் மருந்தை நிறுத்தியிருக்கிறார். கத்திரிக்காய் விஷயத்தில் அவருக்கும் ஊரில் இருக்கும் தம்பிக்கும் இன்னும் சண்டை நடக்கிறது. நான் ஓய்வு பெற்ற வாரத்தில் ஒரு கீரைக்கட்டு வந்தது, கூடவே போனும். "இது சந்தைக்குப் போறதுல இருந்து எடுத்தது மேடம். ஓட்டைய எண்ணிப் பாத்துக்கிடுங்க." எண்ணிப் பார்த்தேன். அன்று இரவு கடைந்து சாப்பிட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்னால், அடுத்த ஆடியில் ஒரு நாள். மறுபடி கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பின்சந்தில் அண்ணாச்சி ஏற்கனவே நின்றுகொண்டு, அண்ணாந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தில் புகை இல்லை. ஜன்னல்கள் திறந்திருந்தன. கஸ்தூரியின் தையல் மிஷின் சத்தம் கேட்டது.

அப்போது சந்து முனையிலிருந்து யாமினி வந்தாள். வாய் திறந்திருந்தது. தோள் ஏறி ஏறி இறங்கியது. மூச்சு இரைத்துக்கொண்டு வந்தது. அண்ணாச்சி, "ஐயோ, பிள்ள!" என்று பாய்ந்தார். நான் அவளை அப்படியே தரையில் உட்காரவைத்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, மாடியைப் பார்த்துக் கத்தினேன். "கஸ்தூரி, மருந்தை எடுத்துட்டு வா, சீக்கிரம்!"

யாமினி எங்கள் இருவர் கையையும் உதறிவிட்டு எழுந்தாள்.

"உடு தாத்தா! ஓடிப் புடிச்சு ஆடிகினு இருக்கோம். ஓடுனா மூச்சு வாங்காதா?"

சொல்லிவிட்டுத் திரும்பவும் ஓடினாள்.